காய்ந்த துணி

அண்ணன் தன் புது வண்டியைக் கொண்டுவந்த அன்று, முதல் வேலையாகத் தங்கையின் இஸ்திரி மேஜையைத் தூக்கி வெயிலில் வைத்தான். கோபமாக ஒன்றும் இல்லை, சிரித்துக்கொண்டேதான் வைத்தான். அவள் வீட்டின் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று இருக்கிறது. அதில் நின்றுதான் அவள் அந்தத் தெருவுக்கே துணி தேய்த்துக் கொடுக்கிறாள். இனி ஒரு வாரம் அங்கே வண்டி நிற்கும், மேஜை மதிலோரம் இருக்கட்டும் என்று அவனே முடிவு செய்து, அவனே தூக்கி வைத்து, அவனே கையைத் தட்டிக்கொண்டான். அவளைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வண்டி ஒரு கறுப்புக் கார். முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம், அப்படியொரு பளபளப்பு. அண்ணன் சொந்தமாக வண்டிப் பாலிஷ் கடை திறக்கப் போகிறான். கடையில் இன்னும் தரைக்குக் கல் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள், எங்கே பார்த்தாலும் தூசி. அவன் வீட்டுத் தெருவையோ குழாய் பதிக்கிறோம் என்று குதறிப் போட்டிருக்கிறார்கள். திறப்பு நாளன்று, வந்தவர்கள் கண் முன்னாலேயே இந்த வண்டிக்கு மெருகுப் பூச்சுப் போட்டுக் காட்டப் போகிறானாம். அதுவரை அதன் மேல் ஒரு கீறல் விழக்கூடாது. வேறு யாரையும் நம்ப முடியாது, கூடப் பிறந்தவளைத்தான் நம்ப முடியும் என்றான். அதைச் சொல்ல அவனுக்கு நாக்குக் கூசவில்லை.

பிறகு பாடம் தொடங்கியது. கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போகிற தாய்கூட அவ்வளவு சொல்லமாட்டாள். தூசி படிந்தால் படியட்டும், தொடாதே. மேலே எதையும் போட்டு மூடாதே, மூடுகிற துணிக்குள் மண் இருந்தால் அதுவே அறுக்கும். பறவை எச்சம் விழுந்தால் மட்டும் ஈரத் துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு ஊறவைத்து அப்படியே தூக்கிவிடு, தேய்க்காதே. நகம், வளையல், சாவிக்கொத்து எதுவும் கிட்டே வரக்கூடாது. அண்ணி வேறு பின்னாலிருந்து, இஸ்திரிப் பெட்டியின் ஆவி படுமே, இந்த ஒரு வாரம் தேய்க்காமல் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள். அடுப்பு எரிவது குறைந்துவிடும் என்று அவளுக்கு யார் போய்ச் சொல்வது?

"எல்லாத்தையும் விட முக்கியம் காய்ஞ்ச துணி," என்றான் அண்ணன். "கறுப்பு வண்டிக்கு அதுதான் எமன். தூசியோட சேர்த்து வட்டமாத் துடைச்சேன்னு வை, அப்ப ஒண்ணும் தெரியாது. வெயில்ல நிறுத்தினாக் காட்டிக்கொடுத்துடும்."

சரிண்ணா, சரிண்ணா என்று தலையாட்டிக்கொண்டிருந்தவள், அந்தத் துணி விஷயத்தை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். தங்கைக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று அண்ணன் பூரித்துப்போய் மறுபடியும் விளக்கினான். வண்டியின் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். துணியில் ஒட்டிய தூசி அந்தப் பூச்சைப் பொடிப்பொடியாகக் கீறும். வெள்ளை வண்டி அதை மறைத்துக்கொள்ளும். கறுப்பு மறைக்காது, சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் காட்டும். கூலி கொடுத்தாலும் இந்தப் பாடத்தை அவ்வளவு நன்றாக யாரும் நடத்தமாட்டார்கள்.

உண்மையில் அவளுக்குப் பாடம் தேவையே இல்லை. அவள் புருஷன் அதே தொழிலில் இருந்தவர். அண்ணனும் அவரும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாலிஷ் மிஷின் பிடித்தவர்கள். அண்ணன்தான் மாப்பிள்ளை பார்த்தான். நம்ம கடையிலேயே ஒருத்தர் இருக்கார், கை அவ்வளவு சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம் என்று சொல்லிக் கட்டி வைத்தான். அதில் பொய் எதுவும் இல்லை. கல்யாணமான புதிதில் அவர் வீட்டுக்கு வந்தால் பேசுவதெல்லாம் பூச்சுப் பற்றித்தான். கறுப்பைப் பற்றிப் பேசும்போது குரல் தணிந்துவிடும். கறுப்பு ஒண்ணுதான் பொய் சொல்லாத நிறம் என்பார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் அந்தக் கடைக்கு ஒரு பெரிய மனிதரின் கறுப்பு வண்டி பாலிஷுக்கு வந்தது. வண்டியின் விளிம்புகளில்தான் பூச்சு ரொம்ப மெலிதாக இருக்கும். மிஷினை அங்கே ஒரு கணம் கூடுதலாக அழுத்தினால் சூட்டில் பூச்சுப் போய், நிறம் போய், அடியில் இருக்கிற வெளிறிய பிரைமர் என்கிற அடிப்பூச்சு பல்லை இளிக்கும். அன்று கதவு விளிம்பில் அது இளித்தது. மிஷினைப் பிடித்தவன் அண்ணன். சத்தம் கேட்டு முதலாளி வந்து யார் செய்தது என்று கேட்டபோது, கையை நீட்டித் தங்கை புருஷனைக் காட்டினான்.

முதலாளி நியாயஸ்தர்தான். ஆனால் அவரும் மனிதர்தானே. சொந்தத் தங்கை புருஷனை ஒருவன் கைகாட்டினால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும், எவனாவது தங்கை குடும்பத்தைக் கெடுப்பானா என்று நினைத்துவிட்டார். அவள் புருஷனோ வாயைத் திறக்கவில்லை. மச்சானை எதிர்த்துப் பேசினால் வீட்டில் பெண்டாட்டிக்குப் பிறந்த வீடு இல்லாமல் போய்விடும் என்று அந்த இடத்திலேயே நின்று கணக்குப் போட்டாராம். நல்ல கணக்கு. வேலை போனது. பின்னாலேயே பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. "பொசுக்கி" என்று யாரோ வைத்தார்கள். எந்தக் கடைக்குப் போய் நின்றாலும், ஓ, நீதான் அந்தப் பொசுக்கியா என்று கேட்டார்கள். கடைசியில் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கப் போனார். பாலிஷ் மிஷின் அவருடைய சொந்த மிஷின். அதைப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் போட்டவர் அப்புறம் அந்தப் பக்கம் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. நேராக அண்ணன் வீட்டுக்குப் போய், சமையலறையில் அவன் தனியாக இருந்த நேரம் பார்த்துக் கேட்டாள். அவன் மறுக்கவே இல்லை. அதுதான் அவளை இன்றுவரை எரிக்கிறது.

"எனக்கு அப்பத்தான் குழந்தை பிறந்திருந்தது. வேலை போயிருந்தா நடுத்தெருவுல நின்னுருப்பேன்," என்றான். "மாப்பிள்ளைக்கு என்ன, கை இருக்கு. எங்க போனாலும் பொழைச்சுப்பார்."

சொல்லி வாய் மூடுவதற்குள் அண்ணி உள்ளே வந்தாள். என்ன ரகசியம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம் என்றான் அண்ணன், இமை கொட்டாமல். தங்கை அம்மாவிடம் போய் அழுதாள். கூடப் பிறந்தவனை விட்டுக்கொடுத்துப் பேசாதே, அவனே நாளைக்கு உணர்ந்து சொல்லுவான் என்றாள் அம்மா. அந்த நாளைக்காகக் காத்திருந்து அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் கறுவிக்கொண்டிருக்கிறாள். போக்குவரத்தை நிறுத்தவில்லை, சிரிப்பை நிறுத்தவில்லை. அண்ணன் வந்தால் நாற்காலி போடுவாள், தண்ணீர் கொடுப்பாள். உள்ளே மட்டும் ஒரு கங்கு அணையாமல் கிடந்தது. புருஷனைப் பொசுக்கி என்று கூப்பிட்ட அதே ஆட்கள் முன்னால் அண்ணன் ஒரு நாள் தலை குனிந்து நிற்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது. அது எப்படி நடக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது அவனே வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எப்படி என்றும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இதற்கு மேல் ஒரு தங்கைக்கு என்ன வேண்டும்?

துணி தேய்ப்பவளுக்குத் துணியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டாலே அதன் குணம் சொல்லிவிடுவாள். வீட்டிலிருந்த கந்தல்களில் தேடித் தேடி, மூட்டை தூக்கும்போது புருஷன் தோளில் போட்டுக் கழித்த பழைய துண்டை எடுத்தாள். எத்தனை தோய்த்தாலும் சிமெண்ட் போகாத துண்டு. மறுநாள் அவர் கிடங்குக்குப் போனதும் வண்டி முன்னால் போய் நின்றாள். எங்கே என்று கொஞ்சம் யோசித்தாள். கதவு வேண்டாம், பின்பக்கம் வேண்டாம். அடித்தால் முகத்தில் அடிக்க வேண்டும். எஞ்சினை மூடுகிற பானட்டில் துண்டை வைத்தாள்.

மெதுவாகத்தான் துடைத்தாள். வட்டம் வட்டமாக, ஒரு மூலை விடாமல், அண்ணன் சொன்னபடியே. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அவளைப் பார்த்த யாரும் கோயில் சிலையைத் துடைக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். நினைக்கவும் செய்தார்கள். துணி வாங்க வந்த எதிர்வீட்டம்மா நின்று பார்த்துவிட்டு, அண்ணன் வண்டியை இப்படித் தன் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிற தங்கை யாருக்குக் கிடைப்பாள் என்று கண் கலங்கினாள். பக்கத்து வீட்டுக்காரர் தன் தங்கையைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். கூடப் பிறந்தது ஆச்சே, வேறு யார் பார்ப்பார்கள் என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தாள்.

தினமும் அதே வேலை. புருஷன் வேலைக்குப் போகும்போது கொட்டகையில் வெயில் இருக்காது. பிறகு சூரியன் எதிர்வீட்டைத் தாண்டி ஏறி, வெயில் சரிந்து வந்து பானட்டில் விழும். அந்த நேரத்துக்காக அவள் மேஜையை விட்டுவிட்டு வந்து நிற்பாள். முதலில் ஒன்றிரண்டு இழைகள் தெரிந்தன. பிறகு வட்டங்கள் வந்தன. வாரக் கடைசியில் அந்தக் கறுப்பு முகம் முழுவதும் வெள்ளிக் கம்பியால் கிறுக்கினாற்போல் ஆகிவிட்டது. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பசியே எடுக்கவில்லை. அவள் புருஷனோ போகும்போதும் வரும்போதும் வண்டி இருக்கிற பக்கமே முகம் திருப்பாமல் நடந்தார். அந்தக் கறுப்பைப் பார்ப்பது அவருக்கு வலி. அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

திறப்பு நாள் வந்தது. ஊரெல்லாம் விடுமுறை, கிடங்கும் மூடியிருந்தது. பழைய முதலாளியைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறேன், அவரை என் வண்டியிலேயே உட்காரவைத்துக் கடைக்கு அழைத்துப் போகவேண்டும், பழைய கடை ஆட்களும் பின்னால் வருகிறார்கள் என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தான். கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை பேரும் ஒரே இடத்துக்கு, அதுவும் அவள் வாசலுக்கே வருகிறார்கள்.

காலையில் அவள் கூந்தலை முடிந்துகொண்டு வெளியே வந்தபோது புருஷன் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார். வெயில் பானட்டில் விழுந்திருந்தது. அவர் தொடவில்லை. குனிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் கண் கொடியில் காய்ந்த துண்டுக்குப் போயிற்று. அங்கிருந்து அவளிடம் வந்தது.

"என் துண்டாலயா துடைச்சே?" என்று கேட்டார்.

ஆமாம் என்றாள். மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். வரட்டும், எல்லார் முன்னாலும் பார்க்கட்டும், பாலிஷ் கடை வைக்கிறவன் வண்டி லட்சணத்தைப் பார்த்து ஊர் சிரிக்கட்டும் என்றாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. மேஜை ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

"ஊர் எதுக்கு அவனைப் பார்த்துச் சிரிக்குது?" என்றார். "வண்டி நின்னது யார் வீட்டுல? பொசுக்கி வீட்டுல. நம்பி விட்டேன், பாருங்க என்ன பண்ணி வச்சிருக்கான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அன்னைக்கு அவன் சொன்னதும் நெசம்னு ஆயிடும்."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாரம் முழுக்க அண்ணன் முகத்தைத்தான் மனசில் வைத்துத் துடைத்தாள். அவன் கை எந்தப் பக்கம் நீளும் என்பதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. அந்தக் கை ஒரு தடவை நீண்டதைத்தானே இத்தனை வருஷமாக மனசுக்குள் போட்டு அரைத்துக்கொண்டிருக்கிறாள்? இவ்வளவு பாடுபட்டு அவள் கீறி வைத்தது புருஷன் பெயரைத்தான். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தன் மேலேயே வந்த ஆத்திரம், வேறு ஒன்றுமில்லை.

அவர் எழுந்து உள்ளே போனார். பரணில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. போர்வைக்குள்ளிருந்து மிஷினை எடுத்து வந்து, இஸ்திரிப் பெட்டி செருகுகிற இடத்தில் செருகிப் பார்த்தார். அது இருமிவிட்டு ஓடியது. நேரம் இருக்கிறது, அவர்கள் வருவதற்குள் கீறலை எடுத்துவிடலாம் என்றார். பானட்டைத் தண்ணீர் விட்டு அலசினார். பிறகு நடுவில் மேலிருந்து கீழாக ஒரு டேப் ஒட்டினார். அந்தத் தொழிலில் அது வழக்கம். பாதியை மட்டும் முதலில் செய்து, மற்றப் பாதியோடு ஒப்பிட்டுக் காட்டுவார்கள். இங்கே காட்டுவதற்கு யாரும் இல்லை, ஆனாலும் பழகிய கை அப்படித்தான் தொடங்கியது. பொசுங்கிவிடாமல் இருக்கத் தன் பக்கத்து விளிம்பு முழுவதும் டேப் ஒட்டி மறைத்த பிறகுதான் மிஷினைத் தொட்டார். மிஷின் முனையில் பஞ்சு வட்டையை மாட்டி, பாலிஷ் பசையைத் தடவி, மெதுவான வேகத்தில் வைத்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். சிமெண்ட் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கைகள்தான். ஆனால் மிஷின் அவர் கையில் பதறவில்லை. கோடுகள் ஒவ்வொன்றாகக் கரைந்து, கறுப்பு அடியிலிருந்து மேலே வந்தது. டேப்புக்கு அந்தப் பக்கம் அவள் கிறுக்கல். இந்தப் பக்கம் அவர் முகம் அப்படியே தெரிகிற கறுப்பு. அவர் மறுபக்கத்துக்குப் போய், அந்த விளிம்பில் ஒட்ட டேப்பைக் கிழித்தார். அவள் போய் அந்தக் கையைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கத்தைத் தொடாதீங்க. டேப்பும் ஒட்டாதீங்க. அது எங்க அண்ணன் பங்கு."

மச்சானையே எடுக்கவைக்கப் போகிறாள் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் வெளுத்தது. மச்சான் டேப் ஒட்டிக்கொள்வான், தொழில் தெரிந்தவன்தானே என்றார். ஒட்டிக்கொண்டால் அவன் அதிர்ஷ்டம் என்றாள் அவள். பழி உங்கள் மேல் வராது, யார் கீறியது என்று நானே சொல்லுவேன், நீங்கள் பேசாமல் நிற்க வேண்டும், பேசாமல் நிற்பது உங்களுக்குப் புதிதில்லையே என்றாள். அந்தக் கடைசிச் சொல் சுட்டிருக்க வேண்டும். அவர் டேப்பைச் சுருட்டிக் கீழே போட்டார்.

அவர்கள் வந்தபோது நல்ல வெயில். முதலாளி கைத்தடியோடு ஆட்டோவிலிருந்து மெல்ல இறங்கினார். அண்ணன் புதுச் சட்டையில் இருந்தான். அண்ணி சீட்டில் விரிக்க ஒரு துண்டு கொண்டுவந்திருந்தாள். பின்னால் வந்த பழைய ஆட்கள் மாப்பிள்ளையைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்ன சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் சாவியைச் சுழற்றிக்கொண்டே கொட்டகைக்குள் வந்தான். பானட்டைப் பார்த்தான். சாவி சுழல்வது நின்றது.

"யார் பண்ணது?" என்றவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கை தானாக எழுந்து மாப்பிள்ளை பக்கம் நீண்டது. "பாருங்க முதலாளி. நம்பி விட்டதுக்கு..."

"நான்தான்ணா," என்றாள் அவள். "காய்ஞ்ச துணியால, வட்டமா. நீதானே சொல்லிக்கொடுத்தே? எதிர்வீட்டம்மா பார்த்திருக்காங்க, கேட்டுக்கோ."

எதிர்வீட்டம்மா வேடிக்கை பார்க்கத் தன் வாசலில் நின்றிருந்தாள். ஆமாம், தினமும் துடைத்தாள், பாவம் எவ்வளவு ஆசையாகத் துடைத்தாள் என்று அங்கிருந்தே சாட்சி சொன்னாள். அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டாள். முதலாளி குனிந்து, டேப்புக்கு இந்தப் பக்கம் இருந்த பாதியை நெடுநேரம் பார்த்தார். இது யார் எடுத்தது என்று கேட்டார். என் புருஷன் எடுத்தார் என்று அவள் சொன்னதும் பழைய ஆட்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"மீதிப் பாதியை நீ எடுத்துக் காட்டுண்ணா," என்றாள் அவள். "இன்னைக்குக் கடை திறக்கிறே. எல்லாரும் வந்திருக்காங்க. மிஷின் இருக்கு."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் மிஷின் பிடித்து வருஷக்கணக்காகிறது. மேற்பார்வை, வசூல், பேச்சு என்று மேலே போய்விட்டவன். ஆனால் பாலிஷ் கடை திறக்கப் போகிற அன்று, முதலாளி முன்னால், எனக்கு முடியாது என்று எந்த வாயால் சொல்வான்? சிரித்தான். பொம்பளைகளுக்கு இதெல்லாம் என்ன தெரியும், நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்றான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பஞ்சு வட்டையைக் கழற்றிக் கீழே போட்டான். கம்பளி வட்டையை மாட்டினான். அது முரடு, வேலை சீக்கிரம் ஆகும். வேகத்தையும் உச்சத்துக்குத் திருகினான். டேப் சுருள் காலடியிலேயே கிடந்தது. அதைத் தாண்டித்தான் நின்றான்.

நடுப்பகுதி நன்றாகத்தான் வந்தது. கோடுகள் பறந்தன. அண்ணனுக்குத் தைரியம் வந்துவிட்டது. மிஷினை ஓட்டிக்கொண்டே தலையைத் திருப்பி, கடைக்கு எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்று முதலாளியிடம் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தான். கை விளிம்புக்குப் போய் அங்கேயே நின்றது. அவள் புருஷன் முதலில் மூக்கால்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். அவர் உடம்பு முன்னால் போயிற்று, தூக்கு என்று சொல்ல வாய் திறந்தது. அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, நகம் பதியப் பதிய அழுத்தினாள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் வாய் மூடியது.

கருகல் வாடை எல்லோருக்கும் வந்தது. அண்ணன் திடுக்கிட்டு மிஷினைத் தூக்கினான், அதை நிறுத்தத் தோன்றவில்லை. கறுப்பு விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு வெளிறிய பிரைமர் தெரிந்தது.

முதலாளி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு மறுபக்கம் போய், மாப்பிள்ளை விளிம்பில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கொஞ்சம் உரித்துப் பார்த்தார். அடியில் கறுப்பு பத்திரமாக இருந்தது. என் கடையில் இவன் டேப்பை வீணாக்குகிறான் என்று நான் திட்டாத நாளே கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அந்தப் பெரிய மனிதர் வண்டிக் கதவில் டேப்பே இல்லையே என்று அடுத்துச் சொன்னார். பழைய ஆட்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பாவமாக இருந்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்லுவார்கள். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன், திறப்பு நாள், புது வண்டி. அவளுக்குப் பாவமாக இல்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஆழமாக மூச்சு விட்டாள், அவ்வளவுதான்.

முதலாளி அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இது யார் பண்ணது?"

அண்ணன் வாயைத் திறந்தான். கண் கூட்டத்தில் ஓடியது. மாப்பிள்ளையிடம் போயிற்று, தங்கையிடம் போயிற்று, பழைய ஆட்களிடம் போயிற்று, சொந்தப் பெண்டாட்டியிடம்கூடப் போயிற்று. காட்டலாம் என்றுதான் கையைத் தூக்கப் பார்த்தான். இரண்டு கையிலும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.